பழைய படகு, புது எஞ்சின்: கேள்வி – பதில்

தடைக்காலத்தில் படகு கரையேறியதும் எஞ்சின் மாற்றும் பேச்சு தொடங்கிவிடும். பழவேற்காட்டிலிருந்து கோவளம் வரை வாசகர்கள் அனுப்பியவற்றில் ஆறு கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: 1990களில் கட்டிய 23 அடி ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். 5.7 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின், 260 எச்.பி., மெர்க்குரூசர் ஆல்பா ஒன் ஸ்டெர்ன் டிரைவ் (எஞ்சின் படகுக்குள், விசிறியைச் சுற்றும் டிரைவ் பின்பலகைக்கு வெளியே). ஆளும் எரிபொருளும் சேர்த்து 2,300 கிலோ இருக்கும். இரண்டு சிலிண்டரில் தண்ணீர் ஏறிவிட்டது, எஞ்சின் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். அதே மாதிரி எஞ்சினே போடலாமா, டீசலா, பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டாரா? வருடத்துக்கு 80 மணி நேரம் ஓட்டினால் அதிகம். — நீலாங்கரை வாசகர்

பதில்: முதலில் எஞ்சின் உண்மையாகவே போய்விட்டதா என்று பார்த்துவிடுங்கள். கடல் தண்ணீரை நேராக இழுத்துக் குளிர்விக்கும் வி8-இல் முதலில் சாவது பிளாக் இல்லை. புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அதன்மேல் உட்காரும் ரைசர் என்கிற குழாயும்தான் முதலில் போகும். இரண்டுமே வார்ப்பிரும்பு. சுவரின் ஒரு பக்கம் சுடச்சுடப் புகை, மறுபக்கம் உப்புத் தண்ணீர். ஐந்தாறு வருடத்தில் சுவர் உள்ளிருந்து அரித்துப்போகும். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் எக்ஸாஸ்ட் வால்வைத் தாண்டி சிலிண்டருக்குள் இறங்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், ஒன்றும் தெரியாது. இரண்டு மேனிஃபோல்டையும் கழற்றி, தண்ணீர் வழிகளை அடைத்து, 15 பிஎஸ்ஐ காற்றேற்றித் தொட்டியில் முக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் குற்றவாளி அகப்பட்டது. பிறகு எட்டு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பாருங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் பிளாக் நலமாக இருக்கிறது, புது மேனிஃபோல்டு, ரைசர், கேஸ்கட்டோடு செலவு முடிந்துவிடும். உப்புத் தண்ணீர் உள்ளே நின்று வாரக்கணக்கில் ஆகியிருந்தால் அந்த நம்பிக்கை வேண்டாம். ரிங் துருவேறி சிலிண்டர் சுவரைக் கீறியிருக்கும்.

எஞ்சின் நிஜமாகவே போயிருந்தால், எச்.பி.யைப் பற்றி யோசிக்கும் முன் எடையைப் பற்றி யோசியுங்கள். வேகத்தை ஓரளவு சரியாகச் சொல்ல குரௌச் சூத்திரம் என்று ஒன்று உண்டு. எச்.பி.யை மொத்த எடையால் (கிலோவில்) வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, உங்கள் படகு போன்ற வி-அடிப் படகுக்கு 94-ஆல் பெருக்கினால் உச்ச வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வரும். உங்கள் பழைய 260 எச்.பி.க்கு 31 நாட் சொச்சம். படகு புதிதாக இருந்தபோது கிட்டத்தட்ட அந்த வேகம்தான் போயிருக்கும். ஃபோமும் பலகையும் தண்ணீர் குடித்திருக்கும் பழைய படகுக்கு 85 என்று எடுத்துக்கொள்வது நியாயம்.

இதே கணக்கில் 200 எச்.பி. அவுட்போர்டுக்கு சுமார் 28 நாட், 150 எச்.பி. அவுட்போர்டுக்கு 25 நாட், 170 எச்.பி. டீசல் ஸ்டெர்ன் டிரைவுக்கும் ஏறக்குறைய 25 நாட் வருகிறது. குடும்பத்தோடு போகும்போது யாரும் 30-இல் ஓட்டுவதில்லை, 20 நாட்டில்தான் ஓட்டுவார்கள். அதற்கு உங்கள் படகு கேட்பது 100 எச்.பி. அந்த 100 எச்.பி.யைத் தர கார்புரேட்டர் வி8 மணிக்கு 39 லிட்டர் குடிக்கும், புது ஃபோர்ஸ்ட்ரோக் அவுட்போர்டு 32 லிட்டர், டீசல் 21 லிட்டர்.

டீசல் 11 லிட்டர் மிச்சம் பிடிக்கிறதே என்று ஆசை வரும். உங்கள் 80 மணி நேரத்துக்கு அது வருடத்துக்கு 880 லிட்டர். டீசல் எஞ்சினும் அதற்கேற்ற டிரைவும் வாங்கும்போது கூடுதலாகக் கொடுக்கும் லட்சங்களை இந்த மிச்சம் உங்கள் காலத்தில் திருப்பித் தராது. வருடத்துக்கு 400, 500 மணி நேரம் ஓடும் வாடகைப் படகாக இருந்தால் எங்கள் பதில் வேறாக இருக்கும். இன்னொன்று: உங்கள் ஆல்பா ஒன் டிரைவில் கியர் விடுபடுவதற்கு எஞ்சினின் இக்னிஷன் ஒரு கணம் அறுபட வேண்டும், அதற்கென்றே ஒரு சுவிட்ச் இருக்கிறது. டீசலில் இக்னிஷனே இல்லை. ஆகவே டீசல் போட்டால் கோன் கிளட்ச் உள்ள பிராவோ மாதிரி டிரைவுக்கு மாறுவதே முறை. அப்போது பின்பலகையில் இருக்கும் வளையத்திலிருந்து எல்லாமே மாறும்.

ஆக மீதி இரண்டு வழி: அதே மாதிரி வி8, அல்லது அவுட்போர்டு. எதை எடுப்பது என்று பின்பலகைதான் முடிவு சொல்லும். டிரான்சம் என்கிற அந்தப் பின்பலகைக்குள் பிளைவுட் இருக்கிறது. டிரைவ் வளையத்தின் கீழ் விளிம்பில் சீலன்ட் விட்ட இடத்தில் தண்ணீர் நுழைந்து 30 வருடத்தில் அதை ஊறவைத்திருக்கும். பிளாஸ்டிக் சுத்தியால் தட்டினால் நல்ல இடத்தில் ‘டக்’ என்று சுருக்கமான ஒலி, கெட்ட இடத்தில் ‘தொப்’ என்று அடங்கிய ஒலி. அத்தோடு நிறுத்தாதீர்கள். படகின் உட்பக்கமிருந்து, வெளித்தோலைத் துளைக்காமல், 6 மி.மீ. டிரில்லால் ஆறு இடத்தில் துளை போடுங்கள்: டிரைவ் வளையத்தைச் சுற்றி நான்கு, அடி மூலை இரண்டு. டிரில்லில் சுற்றி வரும் தூளை விரலில் எடுத்துத் தேயுங்கள். வெளிர் மஞ்சளாக, உதிரியாக வந்தால் பலகை நலம். காபித் தூள் நிறத்தில், ஈர வெல்லம் போல் பிசுபிசுத்து, புளித்த வாடை அடித்தால் அந்தப் பலகையில் எந்த எஞ்சினையும் மாட்டக்கூடாது. வி8-ஐயே திரும்பப் போடுவதானாலும் இதே விதிதான். துளைகளை எபாக்சியால் அடைத்துவிடுங்கள்.

பலகை நன்றாக இருந்து, டிரைவின் கியர் எண்ணெய் பால் நிறமாகாமல் இருந்தால், மறுகட்டமைத்த வி8 அல்லது புது வி8 லாங் பிளாக் (ஹெட்டோடு சேர்ந்த எஞ்சின் உடல்) போடுவதுதான் குறைந்த செலவு. அதில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த மூடிய குளிரூட்டலைச் சேர்த்துவிடுங்கள், பிளாக்குக்குள் கூலன்ட் மட்டும் ஓடட்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று வி6-க்கு இறங்கினால் டிரைவின் கியர் விகிதம் இடிக்கும். வி8-க்கான ஆல்பா சுமார் 1.5-க்கு 1, சின்ன எஞ்சினுக்கு இன்னும் தாழ்ந்த கியர் வேண்டும். மாற்றாமல் மாட்டினால் படகு தண்ணீர் மேல் ஏறவே திணறும்.

எஞ்சினை இறக்கும்போது அலைன்மென்ட் பாரை விடாமல் பயன்படுத்துங்கள். டிரைவ் இல்லாத நிலையில் கிம்பல் பேரிங் வழியாக அதை நுழைத்தால், இரண்டு விரல் பலத்தில் கப்ளர் பல்லுக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தள்ளித் திணித்து உள்ளே போனால் முன் மவுன்ட்டை ஏற்றி இறக்கித் திரும்பப் பாருங்கள். ‘போயிடுச்சு, போதும்’ என்று விட்டுவிட்டால் கப்ளரின் பல் மழுங்கி, ஒரு நாள் நடுக்கடலில் எஞ்சின் உறுமும், படகு நகராது. ரப்பர் பெல்லோஸ், கிம்பல் பேரிங், வாட்டர் பம்ப் இம்பெல்லர் மூன்றையும் இதே வேலையோடு புதிதாகப் போடுங்கள். கிழிந்த பெல்லோஸ் ஒன்றே படகை மூழ்கடிக்கப் போதும்.

பலகை கெட்டிருந்தால் எப்படியும் அதை வெட்டி எடுத்துக் கட்டத்தான் வேண்டும். கட்டுகிற கட்டில் டிரைவ் ஓட்டையை மூடி அவுட்போர்டுக்கு மாறிவிடுங்கள் என்பதே எங்கள் யோசனை. நம் கடலில் அதற்கு ஒரு பெரிய காரணம் உண்டு. தண்ணீரிலேயே கிடக்கும் ஸ்டெர்ன் டிரைவில் பெல்லோஸ் மடிப்பிலும் தண்ணீர் இழுக்கும் துளையிலும் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிரி) மாதக்கணக்கில்கூட இல்லை, வாரக்கணக்கில் ஒட்டிவிடும். அவுட்போர்டைத் தூக்கி மடித்தால் முழுக்கத் தண்ணீருக்கு வெளியே வந்துவிடும்.

பலகைக்கு ஐஎஸ் 710 மரைன் பிளைவுட், ஒட்டி முடித்த கனம் 50 மி.மீ.க்குக் குறையக்கூடாது. டிரைவ் ஓட்டையை அடைக்கும்போது ஃபைபர் ஓரத்தைக் கனத்தைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும்: தோல் 10 மி.மீ. என்றால் சரிவு 120 மி.மீ. சின்னச் சரிவில் ஒட்டிய ஃபைபர் முதல் பெரிய அலையில் விளிம்போடு பெயர்ந்து வரும். போல்ட் துளைகளை நேராகப் போடாதீர்கள். பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் நிரப்பி, அது இறுகியபின் அதன் நடுவே சரியான அளவில் துளையுங்கள். அப்போது சீலன்ட் தோற்றாலும் தண்ணீர் பலகையைத் தொடாது.

அவுட்போர்டை வெளியே தள்ளி நிறுத்தும் பிராக்கெட்டில் மாட்டினால், எடை குறைந்தும் பின்பாரம் குறையாது. ஒரு கணக்கு: படகின் எடைமையம் பின்பலகைக்கு 2.3 மீட்டர் முன்னால் இருக்கிறது என்று கொள்வோம். எஞ்சினும் டிரைவும் சேர்ந்த பழைய 430 கிலோ அதற்கு 1.9 மீட்டர் பின்னால் இருந்தது, பெருக்கினால் 817. புது மோட்டார் 235 கிலோ, 75 செ.மீ. பிராக்கெட்டில் 3.25 மீட்டர் பின்னால். பிராக்கெட் 50 கிலோ, 2.7 மீட்டர் பின்னால். இரண்டும் சேர்ந்து 899. அதாவது 145 கிலோ இளைத்தும் படகு முன்னைவிடப் பின்னால் குந்தும். மொத்தம் 50 கிலோ எடையுள்ள இரண்டு பேட்டரிகளை 1.6 மீட்டர் முன்னால் கொண்டுபோனால் இந்த வித்தியாசம் சரியாகிவிடும். காலியான எஞ்சின் அறையில் டேங்க் வைக்கலாமே என்று தோன்றும். அந்த ஆசையை அடக்கி, டேங்கை முடிந்தவரை எடைமையத்துக்கு அருகில் வையுங்கள். பிராக்கெட்டும் உள்ளே காற்றடைத்த பெட்டி வகையாக இருக்கட்டும், நிற்கும்போது அது பின்புறத்தைத் தூக்கிப் பிடிக்கும்.

மோட்டார் 25 அங்குல ஷாஃப்ட். தண்ணீர் பின்பலகையை விட்டு விலகியதும் மேலெழும், ஆகவே ஒவ்வோர் அடித் தள்ளலுக்கும் மோட்டாரை ஓர் அங்குலம் உயர்த்த வேண்டும். 75 செ.மீ.க்கு இரண்டரை அங்குலம். ஹைட்ராலிக் ஸ்டீயரிங், புது கன்ட்ரோல் கேபிள், மீட்டர், எரிபொருள் குழாய், 10 மைக்ரான் வாட்டர் செபரேட்டர் இவையெல்லாம் மோட்டார் விலையில் வராது. தனியாகப் பட்டியல் போட்டு விலை கேளுங்கள். பல வேலைகள் பாதியில் நிற்பது இந்தப் பட்டியலை முதலில் போடாததால்தான்.

கேள்வி: 32 அடி ஃபைபர் வலைப்படகு, தண்ணீர்க்கோட்டில் 28 அடி, வலையும் ஐஸும் ஏற்றினால் 6 டன். பழைய 45 எச்.பி. டீசலில் 7 நாட் போகிறது. பக்கத்துப் படகில் 110 எச்.பி. போட்டிருக்கிறார்கள். நாங்களும் போட்டால் வேகம் இரட்டிக்குமா? — காசிமேடு வாசகர்

பதில்: இரட்டிக்காது. ஒரு நாட் கூடினால் பெரிது. தண்ணீரை விலக்கிக்கொண்டு ஓடும் படகு, தானே எழுப்பும் அலைக்குள் மாட்டிக்கொள்ளும். தண்ணீர்க்கோட்டு நீளத்தின் (அடியில்) வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த எல்லை கிடைக்கும். 28 அடிக்கு 7.1 நாட். நீங்கள் இப்போதே அந்த எல்லையில் இருக்கிறீர்கள். அதற்குமேல் எவ்வளவு எச்.பி. கொட்டினாலும் அணியம் (முன்புறம்) மேலே தூக்கும், பின்புறம் குழியில் இறங்கும், டீசல்தான் கரையும். 60 எச்.பி. முழு வேகத்தில் மணிக்கு 12, 13 லிட்டர் என்றால் 110 எச்.பி. 23 லிட்டர். அந்தக் கூடுதல் பத்து லிட்டரும் மீன் விலையில்தான் கழியும்.

வெறும் 7 நாட்டுக்கு டன்னுக்கு 4 எச்.பி. போதும், உங்களுக்கு 24. எதிர்காற்று, நீரோட்டம், வலைப் பாரம் எல்லாவற்றையும் சேர்த்து 60 எச்.பி. என்றால் தாராளம். அந்தப் பணத்தில் மீதியை கியர் பாக்ஸிலும் புரொப்பெல்லரிலும் போடுங்கள். 2,600 ஆர்பிஎம் எஞ்சினுக்கு 2-க்கு 1 கியர் வைத்தால் 19 அங்குல புரொப்பெல்லர்தான் ஒத்துவரும். 2.5-க்கு 1 வைத்தால் 22 அங்குலம் சுற்றலாம். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றுவதுதான் பாரப் படகுக்கு இழுவை தரும். பிட்ச் (ஒரு சுற்றில் விசிறி வழுக்காமல் முன்னேறும் தூரம்) 14 அங்குலத்திலிருந்து தொடங்குங்கள். விசிறி முனைக்கும் படகின் அடிக்கும் இடையே விட்டத்தில் 15 சதவீதம், அதாவது 3 அங்குலத்துக்குச் சற்று அதிகம் இடைவெளி வேண்டும். கியர் வாங்கும் முன் இதை டேப் வைத்து அளந்துவிடுங்கள். இடம் இல்லாவிட்டால் 19 அங்குலத்தோடு நிறுத்தி, 2-க்கு 1 கியரே எடுப்பது மேல். முனை அடியை உரசும் நெருக்கத்தில் ஓடினால் படகே அதிர்ந்து ஃபைபரில் வெடிப்பு விழும்.

ஷாஃப்ட் 35 மி.மீ. இருந்தால் 40-ஆக மாற்றுங்கள், ஷாஃப்ட் வெளியே போகும் ஸ்டெர்ன் டியூபும் அதைத் தாங்கும் கட்லெஸ் பேரிங்கும் கூடவே மாறும். கப்ளிங் அலைன்மென்ட்டைக் கரையில் பார்ப்பது ஒரு தொடக்கம்தான். படகு தண்ணீரில் இறங்கி ஓரிரு நாள் கிடந்து, டேங்க் பாதி நிரம்பிய நிலையில் திரும்பப் பாருங்கள். இரண்டு கப்ளிங் முகமும் தொடும் நிலையில் மேல், கீழ், இடம், வலம் நான்கு இடத்திலும் ஃபீலர் கேஜ் விடுங்கள். 100 மி.மீ. கப்ளிங்கில் வித்தியாசம் 0.1 மி.மீ.யைத் தாண்டக்கூடாது. புதிதாக மாற்றிய கியர் பாக்ஸில் ஆறு மாதத்தில் எண்ணெய் சீல் ஒழுகினால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஷாஃப்ட்டைக் கழற்றி அளவெடுக்கும் வேலையை முதல் வாரத்திலேயே முடியுங்கள். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் எண் மாற வேண்டும். பழையதை இறக்கும் முன்பே மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொடுத்துவிட்டால் கடலுக்குப் போகும் நேரத்தில் அலைய வேண்டியதில்லை.

கேள்வி: புதுப்பேட்டையில் நல்ல நிலையில் ஒரு லாரி டீசல் எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறது. படகில் போடலாமா? — ராயபுரம் வாசகர்

பதில்: போடலாம். மலிவாக முடியாது. லாரியில் முன்னால் ரேடியேட்டருக்குக் காற்று வரும், படகில் வராது. எனவே ஹீட் எக்ஸ்சேஞ்சர், கடல் தண்ணீர் பம்ப், தண்ணீர் சுற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மூன்றும் வேண்டும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாங்கும்போது கடல் தண்ணீர் எத்தனை டிகிரிக்கு என்று கணக்கிட்டது எனக் கேளுங்கள். நம் தண்ணீரே 28, 30 டிகிரி. 32-க்குக் கணக்கிட்டது வேண்டும். குளிர்நாட்டுக் கடலுக்குச் செய்த பழைய யூனிட் மே மாத மதியத்தில் எஞ்சினைக் கொதிக்கவைக்கும்.

பிறகு எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் ஆயில் சம்ப். படகில் எஞ்சின் 10, 15 டிகிரி சாய்ந்து உட்காரும். சம்ப் ஆழம் முன்பக்கம் இருக்கும் எஞ்சினில் எண்ணெய் பின்னால் ஓடி, ஆயில் பம்ப் காற்றை இழுக்கும். லாரியின் ஃபியூவல் பம்ப் கவர்னர், மிதிக்கும் கால் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் அமைந்தது. அலையில் புரொப்பெல்லர் தண்ணீரை விட்டு வெளியே வரும்போது எஞ்சின் தறிகெட்டு எகிறாமல் இருக்க, எல்லா வேகத்திலும் வேலை செய்யும் கவர்னராக அதை மாற்றி கேலிபிரேட் செய்ய வேண்டும். லாரிக்கு எழுதிய எச்.பி.யையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். லாரி இறக்கத்தில் ஓய்வெடுக்கும், படகு எஞ்சினுக்கு இறக்கமே கிடையாது. நான்கில் ஒரு பங்கு கழித்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் கலந்து போகும் வெட் எக்ஸாஸ்ட் வைத்தால், புகையோடு தண்ணீர் கலக்கும் இடம் படகின் தண்ணீர்க்கோட்டுக்கு 150 மி.மீ.க்கு மேலே இருக்க வேண்டும். இல்லையேல் குழாயை மேலே வளைத்து சைஃபன் உடைக்கும் வால்வு போட வேண்டும். இதை விட்டால் எஞ்சின் நின்ற இரவில் கடல் மெல்ல உள்ளே ஏறி, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராடு வளையும்.

இத்தனையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, எண்ணூரில் ஆலை வைத்திருக்கும் அசோக் லேலண்டின் மரைன் எஞ்சின் மாதிரி, உதிரிபாகம் ராயபுரத்திலேயே கிடைக்கும் ஒன்றின் விலையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் புதிதையே வாங்குங்கள். பெட்ரோல் கார் எஞ்சின் என்றால் வேண்டவே வேண்டாம். காரின் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் பொறி விடும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய எஞ்சின் அறையின் அடியில் தங்கிக் காத்திருக்கும்.

கேள்வி: 20 அடி படகில் பழைய டூ ஸ்ட்ரோக்கை எடுத்துவிட்டுப் புது 115 எச்.பி. ஃபோர்ஸ்ட்ரோக் மாட்டினேன். கியர் விகிதம் 2.07. பழைய 17 பிட்ச் புரொப்பெல்லரையே போட்டேன். முழு திராட்டிலில் 4,700 ஆர்பிஎம், ஜிபிஎஸ்ஸில் 22 நாட். கையேட்டில் 5,000 முதல் 6,000 என்று இருக்கிறது. மோட்டாரில் குறையா? — பழவேற்காடு வாசகர்

பதில்: மோட்டாரில் குறையில்லை, புரொப்பெல்லர் கனமாகிவிட்டது. ஆர்பிஎம்மை கியர் விகிதத்தால் வகுத்து, பிட்ச்சால் பெருக்கி, 1,215-ஆல் வகுத்தால் வழுக்கலே இல்லாத வேகம் வரும். உங்களுக்கு 31.8 நாட். கிடைப்பது 22. ஆக 31 சதவீதம் வழுக்குகிறது. இந்த அளவுப் படகில் 15 முதல் 20 இருக்கலாம்.

பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 200 ஆர்பிஎம் ஏறும். 13 பிட்ச் போட்டால் 5,500-ஐத் தொடும். அப்போது 20 சதவீத வழுக்கலிலும் 22.7 நாட் வரும், வேகம் குறையாது. புதிது வாங்கும் முன் ஒரு விஷயம் பாருங்கள்: புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு, படகின் அடிக்கோட்டுக்கு நேராகவோ ஓர் அங்குலம் மேலாகவோ இருக்கிறதா? ரொம்பத் தாழ்ந்து கிடந்தால் இழுவை கூடும், ரொம்ப உயர்ந்தால் திருப்பத்தில் காற்றை இழுத்து விசிறி சும்மா சுற்றும். சோதனை ஓட்டத்தை நீங்கள் வழக்கமாக ஏற்றும் ஆளும் சாமானும் ஏற்றித்தான் செய்ய வேண்டும். காலிப் படகில் சரியாக வரும் புரொப்பெல்லர், ஆறு பேர் ஏறினால் திணறும்.

இப்படியே ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். குறைந்த ஆர்பிஎம்மில் முழு திராட்டில் கொடுத்தால் எஞ்சின் மேட்டில் டாப் கியரில் ஏறும் வண்டி மாதிரி நோகும். பிஸ்டனில் கரி படியும், சூடு ஏறும், பேரிங் தேயும்.

கேள்வி: பங்க்கில் இப்போது இ20 (20 சதவீத எத்தனால் கலந்த) பெட்ரோல்தான். அவுட்போர்டுக்கு ஆகுமா? — பட்டினப்பாக்கம் வாசகர்

பதில்: பெரிய அவுட்போர்டு கம்பெனிகள் பலவும் கையேட்டில் 10 சதவீத எத்தனால்வரைதான் அனுமதிக்கின்றன. வாங்கும் முன் உங்கள் மாடலுக்கு எத்தனை சதவீதம்வரை வாரன்ட்டி உண்டு என்று விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல் போதாது. பழைய படகின் ஃபைபர் டேங்கில் இ20 ஊற்றவே ஊற்றாதீர்கள். எத்தனால் பழைய ரெசினைக் கரைத்து, கறுப்புப் பிசினாக இன்டேக் வால்வில் ஒட்டவைக்கும். எத்தனாலுக்குத் தாங்கும் புது ஹோஸ், 10 மைக்ரான் செபரேட்டர் கட்டாயம். மூன்று வாரத்துக்கு மேல் படகு நிற்கும் என்றால் டேங்கில் பெட்ரோல் விடாதீர்கள், கார்புரேட்டர் மோட்டாரானால் குழாயைக் கழற்றி அதிலிருக்கும் பெட்ரோல் தீரும்வரை ஓட்டி நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றிக் குலுக்கி எத்தனாலைப் பிரித்தெடுக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அப்படிச் செய்தால் ஆக்டேனும் சேர்ந்து இறங்கும், மோட்டார் தட்டும். செய்யாதீர்கள்.

கேள்வி: முட்டுக்காட்டுக் காயலில் மட்டும் ஓட்டும் 18 அடி படகுக்கு எலெக்ட்ரிக் மோட்டார் சரியா? — கோவளம் வாசகர்

பதில்: காயலுக்குள் 4, 5 நாட்டில் போவதற்கு மிகச் சரி. 3 கிலோவாட் இழுக்கும் மோட்டாருக்கு 10 கிலோவாட்-மணி லித்தியம் பேட்டரி வைத்தால் மூன்று மணி நேரம் ஓடும். எதிர்காற்றுக்கும் திரும்பி வருவதற்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் என்றே கணக்கு வையுங்கள். முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் வேகமாகப் போகும் எண்ணம் இருந்தால் வேண்டாம். 100 எச்.பி.யை ஒரு மணி நேரம் எடுக்க 75 கிலோவாட்-மணி வேண்டும், அந்தப் பேட்டரியின் எடையே 18 அடி படகை அமுக்கிவிடும். காயல் தண்ணீரும் உப்புதான், ஆகவே மோட்டாரில் ஜிங்க் அல்லது அலுமினிய அனோடு (தான் கரைந்து மோட்டாரை அரிப்பிலிருந்து காக்கும் உலோகத் துண்டு) மாட்டுங்கள். நல்ல தண்ணீருக்கான மெக்னீசியம் அனோடு உப்பில் சில வாரத்திலேயே கரைந்துபோகும். அனோடின் மேல் பெயின்ட் அடித்துவிட வேண்டாம், அலுமினிய உடலுக்குத் தாமிரம் கலந்த பெயின்டும் வேண்டாம்.